கடற்கரைக் காற்றில் கரிம அமிலம் அளப்பது எப்படி: மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வேலை செய்பவர்களுக்கு

காற்றில் கரிம அமிலம், அதாவது வினிகரில் உள்ள அசெட்டிக் போன்ற அமிலங்கள், அளக்கணும் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி எந்த மெஷின் என்பதுதான். ஐசி (அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராஃப்) போதுமா, மாஸ் ஸ்பெக் (மூலக்கூறு எடையை வைத்து அடையாளம் காணும் மெஷின்) வேண்டுமா, மாதிரியை மதுரைக்கு அனுப்பலாமா சென்னைக்கு அனுப்பலாமா என்று பேச்சு ஓடும். ராமநாதபுரம் கடற்கரையைப் பொறுத்தவரை மெஷின் கடைசிக் கவலை. மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, அது மொட்டைமாடியில் காற்று குடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே முக்கால்வாசி விஷயம் முடிந்துவிடுகிறது. உப்பு ஒரு பக்கம், கரிமூட்டப் புகை ஒரு பக்கம், நீங்களே செய்த பெட்டியிலிருந்து வரும் வினிகர் நெடி இன்னொரு பக்கம். இந்த மூன்றையும் சமாளித்துவிட்டால் சாதாரண ஐசியே போதும். அதனால் இங்கே மெஷினைவிட மொட்டைமாடியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஃபார்மிக், அசெட்டிக் இரண்டும் பெரும்பாலும் வாயுவாகத் திரியும். ஆக்சாலிக், மலோனிக், சக்சினிக் போன்ற இரட்டை அமிலங்கள் (ஒரே மூலக்கூறில் இரண்டு அமிலக் கூறு உள்ளவை) பெரும்பாலும் துகளில் உட்கார்ந்திருக்கும், அதிலும் ஆக்சாலிக்தான் அனேகமாக முன்னால் நிற்கும். 2007-ல் சென்னையில் எடுத்த துகள் மாதிரிகளை பவுலூரி, கவாமுரா என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டபோதும் இரட்டை அமிலங்களில் ஆக்சாலிக்தான் முதலிடம். கடலிலிருந்து வருவது என்று பார்த்தால் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலம் ஒன்று உண்டு. கடல் நுண்பாசிகள் விடும் டைமெத்தில் சல்ஃபைடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இது உருவாகிறது. கார்பாக்சிலிக் வகை இல்லைதான், ஆனால் மெஷினில் அதே ஓட்டத்தில் சும்மா கிடைக்கிற தகவலை ஏன் விட வேண்டும்.

வாயுவையும் துகளையும் பிரிக்காமல் மொத்தமாக ஒரு ஃபில்டரில் பிடித்து "கரிம அமிலம் இவ்வளவு" என்று எழுதுவது இந்தக் கரையில் வேலைக்கு ஆகாது. காரணம் உப்பு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றிலுள்ள துகள்களில் 100 மைக்ரோகிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரின் பிஎச் 4 என்றால், காற்றிலுள்ள ஃபார்மிக் அமிலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட அதில் கரையாது, எல்லாம் வாயுவாகவே இருக்கும். அதே தண்ணீர் இப்போதுதான் அலையிலிருந்து தெறித்த கடல்நீர்த் துளி, பிஎச் 8 என்றால் கால் பங்குக்கு மேல் துளிக்குள் போகப் பார்க்கும். நிஜத்தில் அந்தத் துளியின் காரத்தன்மை சீக்கிரமே தீர்ந்துவிடும், நைட்ரிக் அமிலமும் சல்ஃபர் டை ஆக்சைடும் முந்திக்கொண்டு அதைப் புளிக்க வைத்துவிடும், அதனால் முழுக் கால் பங்கும் போகாது. ஆனால் இதே வேலை உங்கள் ஃபில்டரின் மேலும் நடக்கும் என்பதுதான் சங்கடம். காலையில் படிந்த புது உப்பு மேல் மாலை வரை காற்று ஓடுகிறது, வாயுவாக வந்த அமிலம் அங்கே ஒட்டிக்கொள்கிறது, நீங்கள் அதைத் துகள் என்று எழுதிவிடுகிறீர்கள்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் சைக்ளோன், அடுத்து டிநியூடர் (வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும் குழாய்), அதற்கு அப்புறம்தான் ஃபில்டர், கடைசியில் பம்ப். சைக்ளோன் 2.5 மைக்ரானுக்கு மேலான பெரிய துகளை வெட்டிவிடும். கடல் உப்பில் பெரும்பகுதி அங்கேயே நின்றுபோகும், ஆனால் அந்தப் பெரிய உப்பில் ஒட்டிய அமிலமும் அதோடு கணக்கிலிருந்து போய்விடும். அதுவும் வேண்டும் என்றால் பிஎம் 10 தலையோடு (10 மைக்ரான் வரையுள்ள துகளை உள்ளே விடுவது) இன்னொரு வரிசை தனியாக ஓட்டுங்கள், காசு இருந்தால்.

எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது

மண்டபம் நல்ல இடம், கொஞ்சம் ஏமாற்றுகிற இடமும்கூட. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுக்கமான நிலம். வாடை அடிக்கிற மாதங்களில் காற்று பாக் விரிகுடாவைத் தாண்டி வரும், சோழகம், அதாவது தென்காற்று என்றால் மன்னார் வளைகுடாவிலிருந்து. கச்சான் காலத்தில் மேற்கே இருந்து, ராமநாதபுரம் டவுன், உச்சிப்புளித் தென்னந்தோப்பு எல்லாவற்றையும் தடவிக்கொண்டு வருகிறது, அதற்கும் பின்னால் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கத்துக் கரிமூட்டங்கள். ஒரே மொட்டைமாடி, மூன்று வேறு காற்று. இதைப் பிரித்து எழுதாமல் வருட சராசரி போட்டால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

கடல் காற்று என்றால் சுத்தமான காற்று என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, இண்டோஎக்ஸ் என்பார்களே அது, துணைக்கண்டத்துப் புகைமூட்டம் கடலுக்கு மேலே எவ்வளவு தூரம் போகிறது என்று காட்டிவிட்டது. வாடைக் காற்று கடலைத் தாண்டித்தான் வருகிறது, ஆனால் வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கிளம்பிய புகை வழியெல்லாம் வெயிலில் பழுத்து ஆக்சாலிக்காக வந்து சேரலாம். அதனால் திசையை மட்டும் பார்க்காதீர்கள், அந்தக் காற்று மூன்று நான்கு நாட்களுக்கு முன் எங்கே இருந்தது என்பதையும் பின்னோக்குப் பாதை மாடலில் ஓட்டிப் பாருங்கள். இலவசமாக இணையத்திலேயே ஓட்டலாம்.

உள்ளூர்ப் புகைக்கு வருவோம். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே செத்தை போட்டு மண் பூசி நாள்கணக்கில் புழுங்க விடுகிறார்களே, அந்த மூட்டப் புகையில் அசெட்டிக் அமிலம் எக்கச்சக்கம். கொழுந்துவிட்டு எரியாமல் காற்றில்லாமல் புழுங்கும் மரம் அப்படித்தான், அந்தப் புகையைக் குளிரவைத்தால் சொட்டுவதே புளித்த மரக்காடி. ஒரு மூட்டம் அரை கிலோமீட்டரில் இருந்தாலும் உங்கள் மாதிரி அந்த மூட்டத்தின் மாதிரியாகிவிடும். பதநீர் சீசனில் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பும் அதே கதை. கருவாடு காயும் இடத்தில் அம்மோனியாவும் அமீன்களும் கிளம்பும், அவை காரம், துகளின் புளிப்பைக் குறைத்து அமிலத்தை உள்ளே இழுக்கும். இதையெல்லாம் தவிர்க்கச் சொல்லவில்லை, இந்தக் கரையின் காற்றே இதுதான். எது எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், மூட்டம் போட்ட நாள், பிரித்த நாள் எல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டம் போடும் அண்ணனிடம் ஒரு டீ குடித்தால் கிடைக்கும் தகவல் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடைக்காது.

உயரம் தரையிலிருந்து எட்டுப் பத்து மீட்டர் போதும், அலை உடையும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. தனுஷ்கோடி ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அரிச்சல்முனையில் இரவு தங்க விடமாட்டார்கள், கரண்டை நம்பிப் போகவும் முடியாது, மணலும் பறக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அந்த அனுமதி வரும்வரை மண்டபத்திலோ பாம்பனிலோ ஒரு மாடி பிடியுங்கள்.

மாதிரி மாற்றும் நேரத்தை நள்ளிரவு என்று வைக்காதீர்கள், நிறையப் பேர் வசதிக்காக அப்படிச் செய்கிறார்கள். பகலில் கடல்காற்று, இரவில் நிலக்காற்று என்று ஊர் மூச்சு மாறுகிறது, மாதிரியும் அதோடு மாறணும். காலை கடல்காற்று தொடங்கும் நேரத்தை ஒட்டி ஒன்று, அது அடங்கிய பிறகு ஒன்று. நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, எழுதி வைத்தால் சரி.

கருவியைப் பூட்டுவது

டிநியூடர் என்பது உள்சுவரில் காரம் பூசிய கண்ணாடிக் குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. வாயு மூலக்கூறு சுவரைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும், துகள் நேராக ஓடிப் போய்விடும். பூச்சுக்கு ஒரு கிராம் சோடியம் கார்பனேட்டை 50 மி.லி. தண்ணீரில் முதலில் கரையுங்கள், அதில் ஒரு கிராம் கிளிசரால், அப்புறம் 50 மி.லி. மெத்தனால். குழாய்க்குள் ஊற்றி, இரண்டு பக்கமும் மூடி, உருட்டி, வடித்துவிட்டு சுத்தமான நைட்ரஜனோ வடிகட்டிய காற்றோ விட்டு உலர்த்துங்கள். உலர்ந்ததும் கண்ணாடி லேசாகப் பனி பிடித்த மாதிரி மங்கலாகத் தெரியணும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கழுவிவிட்டு மறுபடி பூசுங்கள். செங்குத்தாகத்தான் நிறுத்தணும், படுக்க வைத்தால் துகள் எடையால் கீழ்ச்சுவரில் படிந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு சில முறையாவது இரண்டு டிநியூடரை வரிசையாக வைத்து ஓட்டுங்கள். இரண்டாவதில் முதலாவதில் இருப்பதில் பத்து சதவீதத்துக்கு மேல் வந்தால் பூச்சு போதவில்லை, இல்லாவிட்டால் காற்று ஓட்டம் அதிகம்.

கார்பனேட் பூச்சுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஃபார்மால்டிஹைடு அதில் ஒட்டி, ஓசோனோ ஹைட்ரஜன் பெராக்சைடோ பட்டு ஃபார்மேட்டாக, அதாவது ஃபார்மிக் அமிலத்தின் அயனி வடிவமாக, மாறலாம். பெராக்சிஅசெட்டைல் நைட்ரேட் (மாசுபட்ட காற்றில் வெயிலில் உருவாகும் வாயு) காரத்தில் உடைந்து அசெட்டேட், அதாவது அசெட்டிக்கின் அயனி வடிவம், கொடுக்கும். பின்னால் வைக்கிற இரண்டாவது டிநியூடரில் இதன் சாயல் தெரியும், அதையும் கழித்துத்தான் எழுதணும்.

ஃபில்டருக்கு டெஃப்ளான் நல்லது, வாயுவை உறிஞ்சாது. கரிம கார்பனும் சேர்த்து அளக்கணும் என்றால் குவார்ட்ஸ் வேண்டும், அப்போது 450 டிகிரிக்கு மேல் ஐந்தாறு மணி நேரம் சுட்டு, சுட்ட அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் கார்பனேட்டில் நனைத்து உலர்த்திய செல்லுலோஸ் தாள் ஒன்று வைத்தால், ஃபில்டரிலிருந்து ஆவியாகித் தப்பியதும் மாட்டிக்கொள்ளும்.

பம்ப் எண்ணெய் இல்லாத வகை, நிமிடத்துக்கு 16.7 லிட்டர். பம்ப் விடும் காற்றைக் குழாய் போட்டு காற்று போகும் பக்கமாகத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் வேண்டாம், அந்தப் புகையிலேயே இதே அமிலங்கள் இருக்கின்றன, பேட்டரிதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவதை விடுங்கள். மணிக்கணக்கு மீட்டரும் காற்று மீட்டரும் பம்ப் வரிசையிலேயே இருந்தால் நடுவில் கரண்ட் போன நேரமும் தானாகக் கழிந்துவிடும். உப்புக்காற்றில் பித்தளை இணைப்புகள் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும், டெஃப்ளானோ நல்ல துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள். கசிவுச் சோதனை ஒவ்வொரு மாற்றத்துக்கும்.

வெற்று மாதிரி: எல்லா வம்பும் இங்கேதான்

வெற்று மாதிரி என்றால் காற்று ஓட்டாமலே மற்றவை போலக் கையாண்ட மாதிரி, அதில் தெரியும் அமிலம் நம் கருவியிலிருந்தும் கையிலிருந்தும் வந்தது. அசெட்டிக், ஃபார்மிக் இரண்டும் எங்கெங்கும் இருப்பவை. மழைக்குப் பெட்டி செய்து ஓரங்களில் சிலிக்கான் சீலன்ட் அடிக்கிறார்களே, புளிப்பு நெடி வரும் சாதா வகை, அது இறுகும்போது விடுவதே அசெட்டிக் அமிலம், பல நாளைக்கு விடும். நெடி இல்லாத நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பிளைவுட் பெட்டியும் வேண்டாம், மரம் அசெட்டிக், ஃபார்மிக் இரண்டையும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அலுமினியப் பெட்டி, இல்லாவிட்டால் பாலிஎத்திலீன். புது பெயின்ட் அடித்த மாடி வேண்டாம். வீட்டு மாடி என்றால் புளித்த மாவு வாளியும் ஊறுகாய் ஜாடியும் காயும் இடத்துக்குத் தூரமாக, கீழே இருக்கும் அக்காவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அவர் மாடியை அவர் பயன்படுத்தத்தான் செய்வார்.

கை வியர்வையில் லாக்டேட் நிறைய, கொஞ்சம் அசெட்டேட்டும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு அதே கையால் நெற்றியைத் துடைத்தால் கையுறை போட்ட பலன் போச்சு, மே மாத மண்டபத்தில் துடைக்காமல் இருப்பதும் கஷ்டம், ஆகவே ஒரு துண்டு, ஒரு உதவி ஆள். ஃபில்டரை இடுக்கியால் மட்டும் தொடணும்.

பத்து மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரியாவது மாடிவரை போய்த் திரும்பணும். பூசிய டிநியூடர், ஃபில்டர் எல்லாம் பூட்டி, பம்ப் மட்டும் போடாமல் சில நிமிடம் விட்டுக் கழற்றி, மற்றவை போலவே பெட்டியில் வைத்து எடுத்து வரணும். ஆய்வகத்திலேயே செய்த வெற்று மாதிரியைக் காட்டி முடித்துக்கொள்கிறவர்களின் அசெட்டிக் எண்ணை நான் நம்புவதில்லை.

கழற்றியதும் மாடியிலேயே மூடி போட்டுவிட்டு அப்புறம் ஏசி அறைக்குள் கொண்டு போங்கள். ஈரக்காற்று நிரம்பிய குழாயைத் திறந்தபடி ஏசிக்குள் கொண்டுபோனால் உள்சுவரில் தண்ணீர் கோத்து பூச்சு வழிந்து ஓடும். முடிந்தால் அன்றைக்கே டிநியூடரை 10 மி.லி. தண்ணீரில் கழுவி எடுத்துவிடுங்கள், ஃபில்டர் மைனஸ் 20-க்குப் போகலாம். கழுவிய நீரில் ஒரு துளி குளோரோஃபார்ம் விடணும், நன்றாக மூடி குளிரில். இல்லாவிட்டால் பாக்டீரியா சாப்பிட்டுவிடும், நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு நாளே அதிகம். மழைநீர் எடுப்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வாளியைத் திறந்தே வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் அது மழைநீர் இல்லை, தூசியும் உப்பும் கலந்த கரைசல். மழை தொடங்கியதும் திறந்து நின்றதும் மூடணும், ஆளே நின்று செய்தாலும் சரி.

ஆய்வகத்தில்

18.2 மெகாஓம் தண்ணீர், அதாவது அயனி ஏறக்குறைய இல்லாத அளவுக்குச் சுத்திகரித்தது, அன்றே பிடித்தது. ஃபில்டரை அல்ட்ராசோனிக்கில் நீண்ட நேரம் போட்டால் சூடேறும், சில அமிலங்கள் உடையவும் புதிதாக உருவாகவும் வாய்ப்புண்டு, ஐஸ் போட்ட தொட்டியில் கொஞ்ச நேரம் வையுங்கள் அல்லது குலுக்கியில் வைத்து எடுங்கள். ஊசி ஃபில்டரை (சிரிஞ்ச் முனையில் மாட்டும் வடிகட்டி) முதலில் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், புது ஃபில்டரிலிருந்தே ஃபார்மேட், அசெட்டேட் கசியும். பக்கத்து அறையில் எல்சி-மாஸ் ஸ்பெக் ஓடினால் உஷார், அங்கே மாதிரியை ஓட்டிச்செல்லும் கரைசலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது வழக்கம், மூடாத குப்பியில் அது வந்து இறங்கும்.

கார்பனேட் எலுவன்டில் (ஐசிக்குள் மாதிரியை ஓட்டிச்செல்லும் கரைசல்) ஃபுளோரைடு, அசெட்டேட், ஃபார்மேட் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கிரேடியன்ட், அதாவது போகப்போக அடர்த்தி ஏறும் கரைசல், ஓடும் ஐசி கிடைத்தால் அதையே பிடியுங்கள். ஆரம்பத்தில் 1 மில்லிமோலார் அளவில் மெதுவாக ஓட்டினால் அசெட்டேட், கிளைகோலேட், ஃபார்மேட் பிரியும், அப்புறம் ஏற்றி ஆக்சலேட்வரை இழுக்கலாம். கடல் மாதிரியில் குளோரைடு சிகரம் பூதாகரமாக வந்து பக்கத்தில் இருப்பதையெல்லாம் விழுங்கும். குளோரைடு, சல்ஃபேட்டுக்கு நீர்த்து ஒரு ஓட்டம், கரிம அமிலத்துக்கு நீர்க்காமல் ஒரு ஓட்டம். குளோரைடை எடுக்க வெள்ளி கார்ட்ரிட்ஜ் போட்டால், தெரிந்த அளவு ஆக்சலேட்டைச் சேர்த்து அது முழுசாகத் திரும்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள், வெள்ளி ஆக்சலேட்டும் எளிதில் கரையாத உப்புதான்.

தெரிந்த அளவுக்கு எதிரே மெஷின் காட்டும் எண்ணை வரைந்தால் வரும் அளவுக்கோடு, அசெட்டேட்டுக்கு நேர்கோடாக வராது. எலுவன்டின் மின்கடத்தலை அடக்கும் சப்ரசர் என்ற பாகத்துக்குப் பிறகு அது பலவீன அமிலமாக நிற்பதால் அடர்த்தி கூடக்கூட அயனியாவது குறையும், வளைகோடாகவே பொருத்துங்கள். தரக் கரைசல் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) செய்யும்போது சோடியம் அசெட்டேட் புட்டி நீரற்றதா, மூன்று நீர் மூலக்கூறு உள்ளதா என்று லேபிளைப் படியுங்கள், மூலக்கூறு எடை 82-க்கும் 136-க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே முடிவில் வந்து நிற்கும்.

கணக்கு சுலபம். நிமிடத்துக்கு 16.7 லிட்டர், 12 மணி நேரம் என்றால் 12 கன மீட்டர் காற்று. டிநியூடர் கழுவிய 10 மி.லி.யில் அசெட்டேட் லிட்டருக்கு 1.20 மில்லிகிராம், வெற்று மாதிரியில் 0.10 என்று வைத்தால், மீதி 1.10, மொத்தம் 11 மைக்ரோகிராம், ஒரு கன மீட்டருக்கு 0.92. இருபத்தைந்து டிகிரியில் ஒரு பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அசெட்டிக் என்பது கன மீட்டருக்கு 2.46 மைக்ரோகிராம் (ஃபார்மிக்குக்கு 1.88), ஆக சுமார் 0.37 பிபிபி. வெற்று மாதிரிகளின் சிதறலை மூன்றால் பெருக்கி அதையும் இதே வழியில் மாற்றினால், எவ்வளவுக்குக் கீழே உங்கள் எண் வெறும் இரைச்சல் என்று தெரிந்துவிடும்.

எண் வந்தபின் படிப்பதில் அவசரம் வேண்டாம். ஃபார்மிக், அசெட்டிக்கைவிட அதிகம் என்றால் வெயிலில் உருவானது, குறைவு என்றால் நேராகப் புகையிலிருந்து வந்தது என்பது பொதுவான விதி, மலோனிக் சக்சினிக்கைத் தாண்டினால் காற்று பழுத்தது என்பதும் அப்படியே. இவற்றைத் தனியாக நம்பாமல் பொட்டாசியத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் கடல்நீரிலும் பொட்டாசியம் உண்டு, சோடியம் எடையில் 0.037 மடங்கைக் கழித்த மீதிதான் புகையின் பங்கு. குளோரைடு, சோடியம் எடையில் 1.8 மடங்குக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த அளவுக்கு அமிலங்கள் உப்போடு வேலை செய்திருக்கின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களை ஒப்பிட்டு "படகு டீசலின் பங்கு இவ்வளவு" என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அதே மாதங்களில் காற்று திரும்புகிறது, வெயில் ஏறுகிறது, கருப்பட்டி அடுப்பு எரிகிறது. தடைக்கு முன்னும் பின்னும் ஒரே திசையில் காற்றடித்த நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரே நேரத்தில் வடகரையிலும் தென்கரையிலும் இரண்டு கருவி ஓட்டிய தரவு இருந்தால் அந்த வாக்கியத்தை எழுதுங்கள். ஒரு கருவிதான் இருக்கிறது என்றால் படகைப் பற்றிப் பேசாமல் காற்றுத்திசையைப் பற்றி மட்டும் எழுதுங்கள், அதற்கே தரவு தாங்கும்.